பின்னால் வருகிறவள்

இருபத்துநான்கு என்று எழுதிய பலகையைத் தாண்டும்போது வலது கெண்டைக்காலில் அது மறுபடியும் அசைந்தது. வலி என்று சொல்ல முடியாது. தூங்குகிறவர் போர்வைக்குள் புரண்டு படுப்பதுபோலத் தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று புரண்டு, பிறகு அடங்கிவிட்டது. நான் நிற்கவில்லை. நின்றால் குனிவேன், குனிந்தால் தொட்டுப் பார்ப்பேன், தொட்டால் இரண்டு கைகளையும் வளையமாகச் சேர்த்து வலது காலையும் இடது காலையும் மாற்றி மாற்றி அளப்பேன். எட்டு மாதமாக இந்தப் பழக்கம். குளியலறையில் மட்டும், தாழ்ப்பாள் போட்ட பிறகு. அளந்து முடித்ததும் கைவளையத்தைக் கலைக்காமல் அப்படியே தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பேன், அளவு அங்கே காற்றில் தங்கியிருக்கும் என்பதுபோல. உப்பு குறைந்திருக்கும், அவ்வளவுதான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுகிற யாருக்கும் கால் பிடிக்கும். எங்கள் ஓட்டக் குழுவை நடத்துகிற மார்ட்டின் அண்ணன் இதைத்தான் சொல்வார். "கால் பிடிச்சா நிக்காதே தாரணி. நின்னா அது ஜெயிச்சுரும்." அவர் வெறும் கால் பிடிப்பைத்தான் சொல்கிறார். அவர் பேச்சில் எதற்கும் அடியில் எதுவும் இருக்காது. அதனால்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்ல முடிந்தது. பதினைந்தாவது கிலோமீட்டர் வரை அவரும் மற்றவர்களும் என்னோடு ஓடினார்கள், ரேஸ் கோர்ஸை இருட்டில் சுற்றிச் சுற்றி. அவினாசி ரோட்டுக்கு வந்ததும், "நீ மெதுவா வா, நாங்க முன்னால போய் உனக்குச் சோறு இருக்கான்னு பாக்கறோம்" என்று சிரித்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்கள். பதினான்கு முதுகுகள். கொஞ்ச நேரம் தெரிந்து, பிறகு மேம்பாலத் தூண்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக மறைந்துபோயின. அதன்பிறகு தூண்களை எண்ணத் தொடங்கினேன். எழுபதுக்கு மேல் விட்டுவிட்டேன். விட்டதும் கால் ஞாபகம் வந்தது.

முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில் சபரியின் வீடு. அதற்குள் ஜெர்க்கினைப் போட்டுக்கொள்ள வேண்டும். முப்பதில் தண்ணீர் மேஜை இருக்கிறது, அங்கே எப்படியும் நிற்பேன், அங்கேயே போட்டுக்கொள்ளலாம். இப்போது அதை இடுப்பைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். அதன் இரண்டு கைகளும் தொப்புளுக்குக் கீழே முடிச்சாக இருக்கின்றன. ஓட ஓட அந்த முடிச்சு அடிவயிற்றில் தட்டிக்கொண்டே வருகிறது. கம்பெனியில் ஆயுத பூஜைக்குக் கொடுத்த சாம்பல் நிற ஜெர்க்கின். மார்கழிக் குளிருக்கு என்று சபரியிடம் சொல்லிக்கொள்ளலாம். எட்டரை மணி வெயிலில் மார்கழிக் குளிர். சொன்னால் நம்புவார். நான் சொல்லும் எதையும் அவர் இதுவரை நம்பாமல் இருந்ததில்லை, அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. தை இருபத்தாறாம் தேதி எங்களுக்குக் கல்யாணம். மண்டபம் சொல்லியாகிவிட்டது, பத்திரிகை அச்சில் இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம், "எல்லாரும் கேட்ல நிப்போம். அம்மா விடியறதுக்கு முன்னாலயே சேர் போடணுங்கறாங்க. கண்டுக்காம ஓடிறாதே" என்று அனுப்பியிருந்தார். நான் ஒரு கும்பிடும் கையை அனுப்பினேன். அனுப்பும்போது இந்தப் பனியன் என் மடியில்தான் கிடந்தது. மார்ட்டின் அண்ணன் யாரிடமும் சொல்லாமல் அச்சடித்து வைத்திருந்தார். நம்பர் சீட்டு வாங்கப் போன இடத்தில் என் தோளில் போட்டுவிட்டு, அழுவேன் என்று எதிர்பார்த்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். அவர் நினைத்த காரணத்துக்காக அல்ல. நெஞ்சு முழுக்க யுகனின் முகம். என் அக்கா வசுமதியின் பையன், எட்டு வயது, முன்பல் விழுந்த சிரிப்பு. கீழே கொட்டை எழுத்தில் "யுகனுக்காக ஓடுகிறோம்." அதற்கும் கீழே நோயின் பெயர், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், இரண்டு வரிக்கு.

அம்மா அதைக் கையில் வாங்கவே இல்லை. "மூஞ்சிய எதுக்குடி போட்டாங்க? பேரு போதாதா? ஊரு பூரா போகுமே" என்றாள். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அக்காதான் எடுத்து விரித்து, துணிக்கடையில் புடவை பார்ப்பதுபோலத் தையலை இழுத்துப் பார்த்தாள். "படம் நல்லாத்தான் வந்திருக்கு. போட்டுக்கறதுன்னா போட்டுக்க. வேண்டான்னா விடு. அவனுக்கென்ன தெரியப்போகுது." யுகன் சோபாவில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். "சித்தி, மெடல் குடுத்தா அது எனக்குத்தான்" என்றான். "நீ எங்கடா ஓடற?" என்றேன். "நான் ஓடலை. என் மூஞ்சி ஓடுதுல்ல. நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுதுல்ல." அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சமையல்கட்டுக்குப் போய், அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்துக்குள் பேசினாள். "அந்த ஊட்டு முன்னால மட்டும் ஜெர்க்கினைப் போட்டுக்க கண்ணு. தாண்டினதும் கழட்டிரு. ரெண்டு நிமிசந்தானே. இன்னும் நாப்பது நாளு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தாப் போதும். அப்பறம் நானே அவங்க கால்ல விழுந்து சொல்லிப்போடறேன்." நாற்பது நாளுக்குப் பிறகு யார் காலில் விழுந்து எதைச் சொல்வது. தாலி ஏறிய பிறகு சொல்லும் சொல்லுக்குப் பெயர் வேறு.

சித்ரா சிக்னலில் போலீஸ்காரர் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினார். ஒரு பேருந்து முழுக்க ஆட்கள் ஜன்னல் வழியாக என் நெஞ்சைப் பார்த்தார்கள். முதலில் முகத்தைப் பார்க்கிறார்கள், பிறகு எழுத்தைப் படிக்கிறார்கள், பிறகு என் முகத்தைப் பார்த்து ஒப்பிடுகிறார்கள். யுகனுக்கு என் நெற்றி, என் மூக்கு. அக்காவைவிட என்னைத்தான் உரித்து வைத்திருக்கிறான் என்பார்கள். காளப்பட்டி ரோட்டுக்குள் திரும்பினேன். நிழல் போய்விட்டது. பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியில் பூசை முடிந்து யாரோ செருப்பு காணவில்லை என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். சபரி ஒரு நாள் கேட்டார், கார் நிறுத்துகிற இடத்தில், சாவியைத் திருகிக்கொண்டே, "யாருக்காக ஓடறீங்க எல்லாரும்?" நான், "குரூப்ல ஒருத்தங்க சொந்தக்காரப் பையன். ஏதோ அபூர்வமான நோயாம்" என்றேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. குழுவில் ஒருத்தி நான். சொந்தக்காரப் பையன். அபூர்வமான நோய். அந்த "ஆம்" மட்டும்தான் பொய். நோயாம். கேள்விப்பட்டதுபோல. பிறகு அவர், "பாவம்" என்றார், உண்மையாகவே சொன்னார், எங்கள் குழு பணம் சேர்க்கிற அறக்கட்டளைக்கு அன்றே பணமும் அனுப்பினார். யுகனுக்குப் போட வேண்டிய ஊசியில் ஒரு துளி அவருடையது. அந்தத் துளி எந்தக் குழந்தைக்கு என்று அவருக்குத் தெரியாது.

பெண் பார்க்க வந்த அன்று யுகனை மாடிவீட்டில் விட்டிருந்தோம். அவன் அப்பாவைப் பெற்ற ஆத்தா வீட்டுக்கு, ஈரோட்டுக்கு, லீவுக்குப் போயிருக்கிறான் என்று சொல்லியிருந்தோம். மாடிவீட்டு டீச்சர் நல்லவர், கேரம் போர்டு எடுத்து வைத்திருந்தார். சபரியின் அம்மா சோபாவில் இந்த ஓரம், நான் எதிரே, அக்கா தட்டில் மிக்சரும் லட்டும் நீட்டிக்கொண்டிருந்தாள். அப்போது மேலே தொம் என்று சத்தம். கூரை அதிர்ந்தது. மின்விசிறி ஒரு கணம் ஆடியதுபோல இருந்தது. எங்கள் நான்கு பேருக்கும் அந்தச் சத்தம் தெரியும். தெருவில் ஆயிரம் சத்தத்துக்கு நடுவில் அதைத் தனியாக எடுத்துக் காட்டுவோம். கையை ஊன்றாமல் விழுகிற சத்தம். சபரியின் அம்மா மேலே பார்த்தார். "மேல் ஊட்டுல குழந்தைங்க, ஒரே ஆட்டம்ங்க" என்றாள் அம்மா. அக்கா தட்டை நீட்டியபடியே நின்றாள். "லட்டு எடுத்துக்கங்க" என்றாள். அவர்கள் போன பிறகும் அவள் ஓடவில்லை, ஒவ்வொரு படியாக மெதுவாக ஏறிப் போனாள். யுகனுக்கு உதடு கிழிந்திருந்தது. "சத்தம் போடக் கூடாதுன்னு நீதானம்மா சொன்னே. நான் கத்தவே இல்லை" என்று சொன்னானாம். அதை அக்கா என்னிடம் சொல்லவில்லை. டீச்சர் சொன்னார். இப்போது இதை ஏன் நினைக்கிறேன். மூச்சு. இரண்டு அடிக்கு உள்ளே, இரண்டு அடிக்கு வெளியே. வெளியே விடும்போது பனியன் குழிந்து அவன் வாய் கோணுகிறது. இழுக்கும்போது சிரிக்கிறான்.

அவன் கால்களைப் பார்த்து எல்லோரும் பெருமைப்பட்டார்கள். மூன்று வயதில் அவனுக்கு அப்படி ஒரு கெண்டைக்கால், உருண்டு திரண்டு. பெரியம்மா திருஷ்டி கழிப்பாள். "பயில்வான் காலுடா உனக்கு" என்று கிள்ளுவாள். நான் அந்தக் கால்களைப் படம் எடுத்து அலுவலகத்தில் காட்டியிருக்கிறேன். தரையில் உட்கார்ந்தால் முதலில் குப்புறத் திரும்பி, கைகளை ஊன்றி, பிறகு கையைத் தன் முழங்காலில் வைத்து, தொடையில் வைத்து, தன் உடம்பின் மீது தானே ஏறுவதுபோல எழுந்திருப்பான். அதையும் படம் எடுத்தோம். பாட்டுப் போட்டு எழுந்திருக்கச் சொல்லிக் கைதட்டினோம். ஒரு கல்யாண வீட்டில் அதைப் பார்த்த ஒரு டாக்டர் அம்மாள் கையில் இலையோடு அப்படியே நின்றுவிட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, அக்காவைத் தனியாக அழைத்து, "இந்தக் காலைத் தசைன்னு நினைக்காதீங்க. தசை போன இடத்துல கொழுப்பு அடைச்சுக்கிட்டிருக்கு" என்றார். அப்படியே இருந்தது. பரிசோதனை செய்த பெரிய டாக்டர், எங்கள் அம்மாவைப் பார்த்து, "உங்க பொறந்த வழியில யாராச்சும் பையன் சின்ன வயசுல..." என்று கேட்கத் தொடங்கியதுமே அம்மா, "அப்படி யாரும் இல்லீங்க" என்றாள். கேள்வி முடியும் முன்பே சொன்னாள். அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார், தங்கமுத்து மாமா. நான் பிறப்பதற்கு முன்பே, பதினாறு வயதில், விஷக் காய்ச்சலில் போய்விட்டார் என்று கேட்டு வளர்ந்தோம். எங்கள் வீட்டில் அவருடைய படங்கள் மூன்று இருக்கின்றன. அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா மூன்றையும் கழற்றிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். ஒன்றில் நாற்காலியில். ஒன்றில் கட்டிலில். ஒன்றில் யாரோ ஒருவர் மடியில், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன், மடியில். நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. இருபத்தைந்து வருடம் அந்தப் படங்களுக்குக் கீழேதான் சாப்பிட்டிருக்கிறோம். அம்மா மூன்றையும் எடுத்து முந்தானையால் துடைத்து அதே ஆணிகளில் மாட்டினாள். மாட்டும்போது, "எங்கம்மா யார்கிட்டயும் சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிப்போட்டா" என்றாள். அவ்வளவுதான்.

அம்மாவிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து மகனுக்கு. பெண்கள் சுமப்பார்கள், பையன்கள் விழுவார்கள். அக்காவின் ரத்தத்தில் இருக்கிறது என்று தாளில் எழுதி வந்துவிட்டது. "உங்களுக்கும் பாத்துறலாம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி பாக்கறது நல்லது" என்றார் டாக்டர். அக்காவுக்கு இருப்பதால் எனக்கு இருக்காதோ என்று நான் கேட்டேன். எவ்வளவு அசிங்கமான கேள்வி, அக்கா பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவர் கோபப்படவில்லை. "பூவா தலையா போடற மாதிரிதான். அக்காவுக்கு என்ன விழுந்துச்சுன்னு உங்க காசுக்குத் தெரியாது" என்றார். பம்பு கம்பெனியில் நான் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஐம்பது பம்புக்கு மூன்றை எடுத்து ஓடவிட்டுக் காதால் கேட்பேன். ஒன்றில் சத்தம் பிசகினால் ஐம்பதுக்கும் சிவப்பு அட்டை கட்டி ஓரமாக வைத்துவிடுவேன். ஒன்பது வருடத்தில் என் கை ஒரு முறைகூடத் தயங்கியதில்லை. ரத்தம் எடுக்கிற இடத்துக்கு இரண்டு முறை போனேன். ஒரு முறை டோக்கன்கூட வாங்கினேன். என் எண்ணைக் கூப்பிட்டார்கள், மூன்று தரம் கூப்பிட்டார்கள், வேறு யாரையோ கூப்பிடுவதுபோல நானும் சுற்றிப் பார்த்தேன். அதன்பிறகுதான் ஓட ஆரம்பித்தேன். ஓட முடிகிற கால் நல்ல கால் என்று. பிறகு எங்கோ படித்தேன், சுமக்கிற பெண்களில் சிலருக்குக் கெண்டைக்கால் பிடிக்குமாம். சிலருக்கு இதயம். சிலருக்கு ஒன்றுமே இருக்காதாம். ஓடினால் பிடிக்கும், பிடித்தால் பயம், பயத்தில் இன்னும் ஓடுவேன். இதோ மறுபடியும். இந்த முறை புரண்டதோடு நிற்கவில்லை, ஒரு கை உள்ளேயிருந்து பிடித்து, எண்ணி, விட்டது.

இருபத்தொன்பதாவது கிலோமீட்டரைத் தாண்டி ஒரு டீக்கடை வாசலில் வயதான அம்மாள் ஒருத்தி குடத்தோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டி என் மார்பைக் காட்டினாள். "அட, இந்தப் பையன் அப்பவே போயிட்டானே!" என்றாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக் கையாட்டினேன். ஒரு வேடிக்கையான சொல் என்று மனம் அதை எடுத்து எங்கோ வைத்துவிட்டது. முப்பதில் தண்ணீர் மேஜை வந்தது. ஒரு கல்லூரிப் பெண், "சூப்பர் அக்கா, இன்னும் பன்னிரண்டுதான்" என்றாள். இரண்டு டம்ளர் குடித்தேன், ஒன்றைத் தலையில் ஊற்றினேன். முடிச்சை அவிழ்த்தேன். வியர்வையில் இறுகிக் கிடந்தது, பல்லால்தான் அவிழ்க்க முடிந்தது. ஜெர்க்கினுக்குள் கையை விட்டு ஜிப்பைக் கழுத்து வரை இழுத்தேன். எழுத்து, அவன் வாய், கண் என்று மூடிக்கொண்டே போனது. கண்ணருகில் ஜிப் ஒரு நொடி மாட்டியது. "குளிருதாக்கா?" என்றாள் அந்தப் பெண். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஓடினேன். உள்ளே அடுப்பு. இடுப்புப் பையில் கைபேசி அதிர்ந்தது, ஒரு முறை, நின்று, மறுபடி, நின்று, மறுபடி. அடிவயிற்றில் அதன் துடிப்பு. அம்மாவாக இருக்கும். போட்டுக்கொண்டாயா என்று கேட்பாள். போட்டுக்கொண்டேன் அம்மா. கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டேன்.

இந்தப் பையன் அப்பவே போயிட்டானே. இருநூறு அடி போயிருப்பேன். அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் வைத்த இடத்திலிருந்து எழுந்து வந்தது. முதலில் கைகளை ஊன்றி, பிறகு முழங்காலில், பிறகு தொடையில். பதினான்கு முதுகுகள். நான் பார்த்தது முதுகுகளை, இருட்டில் யார் நெஞ்சையும் பார்க்கவில்லை. நேற்றிலிருந்து ஒரு பனியனைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், அம்மாவும் ஒரு பனியனைப் பற்றித்தான் நினைத்தாள், அப்பா தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு பனியனைப் பற்றித்தான் பயந்தார். பதினான்கு யுகன்கள் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். என்னைவிட ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் வேகமாக. இருபது நிமிடம் முன்பே அந்தக் கேட்டைத் தாண்டியிருப்பார்கள். தாண்டியிருந்தால் நல்லது. கூட்டமாக, வேகமாக, எழுத்தைப் படிக்க முடியாதபடி. ஆனால் மார்ட்டின் அண்ணன் தாண்ட மாட்டார். அவருக்குச் சபரியைத் தெரியும், நிச்சயத்துக்கு வந்து மூன்று முறை பாயசம் கேட்டு வாங்கியவர். கேட்டில் சேர் போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதர்களைப் பார்த்தால் நின்று கும்பிடு போடுவார். பேசுவார். அவருக்கு எல்லாம் தெரியும். அறக்கட்டளை விண்ணப்பத்தில் குடும்பத்தில் வேறு யாருக்காவது என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்ப முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில், பதினெட்டாவது கிலோமீட்டரில், மாமாவின் மூன்று படங்களைப் பற்றி அவரிடம் சொன்னேன். ஓடும்போது பக்கத்தில் ஓடுகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, எதையும் சொல்லிவிடலாம். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொன்னேனா? சொன்னதாக ஞாபகம் இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்காது. அவரிடம் மறைக்கச் சொன்னால், ஏன் என்று கேட்பார். கால்கள் தாமாக வேகம் எடுத்தன. இது என்ன முட்டாள்தனம், இப்போது வேகமாக ஓடி எதைப் பிடிக்கப் போகிறேன். ஜெர்க்கினைக் கழற்றவும் இல்லை. கழற்ற வேண்டும் என்றால் கைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும். கைபேசியை எடுத்துப் பார்க்கலாம். மூன்று முறை அதிர்ந்தது. பார்த்தால் தெரிந்துவிடும். வளைவு திரும்பினால் எப்படியும் தெரிந்துவிடும். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டபோது உட்கார்ந்திருந்த அதே மாதிரி இப்போது ஓடிக்கொண்டிருக்கிறேன்.

வளைவில் திரும்பினேன். அபார்ட்மெண்ட் கேட் திறந்திருந்தது. வாசலில் பெரிய கோலம், நடுவில் பூசணிப்பூ. அதன் ஓரமாக நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் சாலையைப் பார்த்து வரிசையாக இருந்தன. நான்கும் காலி. காவலாளி ஒரு ஸ்டூலில் மூடிபோட்ட எவர்சில்வர் தட்டை வைத்துக்கொண்டு நின்றார். நான் வேகத்தைக் குறைத்ததைப் பார்த்துத் தட்டோடு முன்னால் வந்தார். "நீங்கதானுங்களா தாரணிங்கறது?"

"ஆமாங்க. இங்க... இவங்க எல்லாம்?"

"மேல போயிட்டாங்க. ஆறரைக்கே வந்து உக்காந்தாங்க பாவம். ஒவ்வொருத்தரா வர வர அம்மா கைதட்டுனாங்க பாருங்க, எனக்கே ஓடலாமான்னு ஆயிப்போச்சு. அப்பறம் ஒரு பனியன் கூட்டம் வந்துதுங்க, எல்லார் நெஞ்சுலயும் ஒரே பையன். அதுல ஒரு கண்ணாடிக்காரரு நின்னு பேசுனாரு. நம்ம தாரணி பின்னால வர்றா, அவ அக்கா பையன்தான் இவன்னாரு."

"அப்புறம்?"

"பையன் ஈரோட்டுலயான்னு அம்மா கேட்டாங்க. இல்லீங்களே, இங்கதான் இருக்கான், நேத்துக்கூடப் பாத்தனேன்னாரு. நடக்கறது சிரமம்னாரு. இவங்க மாமன் ஒருத்தரும் இப்படித்தான் போனாராம், பொம்பளைங்க வழியா வருமாம், அதனாலதான் தாரணி ஓடறது பெரிய விசயம்னு பெருமையாச் சொன்னாருங்க." அவர் தட்டின் மூடியைத் திறந்தார். உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாக அடுக்கிய ஆரஞ்சு. "அந்தப் பனியன் கூட்டம் போச்சுங்க. அப்பறம் அம்மா எந்திரிச்சாங்க, எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. இதை உங்ககிட்டக் குடுத்துரச் சொன்னாங்க."

"வேற ஏதாச்சும் சொன்னாங்களா?"

"குடுத்துருன்னாங்க. அவ்வளவுதானுங்க."

நான் மேலே பார்த்தேன். மூன்றாவது மாடியில் வலது பக்க பால்கனி அவர்களுடையது. கொடியில் ஒரு வேட்டியும் இரண்டு துண்டுகளும் காய்ந்துகொண்டிருந்தன. துண்டுகளுக்கு நடுவில் யாரோ நின்றார்கள். சபரியா அவர் அப்பாவா என்று கண்ணில் இறங்கிய வியர்வையில் தெரியவில்லை. நான் கையைத் தூக்கவில்லை. அந்த உருவமும் தூக்கவில்லை. காவலாளி என் ஜெர்க்கினையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பனியன் உங்களுக்கு இல்லீங்களா?" என்றார்.

ஜிப்பைக் கீழே இழுத்தேன். இந்த முறை எங்கும் மாட்டவில்லை. காற்று உள்ளே போனது. "எங்க அக்கா பையன்" என்றேன். "பேரு யுகன். ஈரோட்டுல இல்லை." குரல் மூன்றாவது மாடி வரை போயிருக்காது. இந்தச் சாலையில் அதை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. நான்கு காலி நாற்காலிகளிடமும் ஒரு காவலாளியிடமும். அவர் குனிந்து படத்தைப் பார்த்தார். "உங்க சாடைதான்" என்றார். பிறகு தட்டை நீட்டினார். "சாப்புடுங்க சாமி. ஓடோணுமில்ல."

ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டேன். கடித்ததும் நாக்கில் விதை தட்டுப்பட்டது. ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. துப்புவதற்கு இடம் பார்த்தேன். காலடியில் கோலம் இருந்தது. மேலே துண்டுகளுக்கு நடுவில் இப்போது யாரும் இல்லை. காவலாளி தட்டை மூடிவிட்டு முதல் நாற்காலியை மடக்க முயன்று, அது மடங்காது என்று கண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். நான் இரண்டு விதைகளையும் விழுங்கிவிட்டு, கோலத்தைச் சுற்றிக்கொண்டு, ஓடத் தொடங்கினேன்.